தேத்தாங்கொட்டையும் தேயிலைக் கொட்டையும்

செல்வி, முருகேசு, ராணி மூன்று பேருக்கும்.

ஆற்றோரத்துப் பழைய விதைமரங்களுக்குக் கீழே குனிந்து குனிந்து நீங்கள் பொறுக்கித் தந்த தேயிலைக் கொட்டைக்கு என்ன நடந்தது என்று, நான் திரும்பி வந்த நாளிலிருந்து கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்.

எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து லயத்தை விட்டு வன்னிக்குப் போன உங்கள் லெட்சுமி அத்தை எழுதியது ஞாபகம் இருக்கும். "அண்ணே, காடு வெட்டி ஒரு ஏக்கர் வச்சிருக்கோம். பக்கத்துத் துண்டு சும்மா கெடக்கு. புள்ளைகளோட வந்துருங்க. தண்ணிதான் கலங்கல். தேத்தாங்கொட்டை போட்டா தெளியுமாம். அது அங்க கொட்டிக் கெடக்குமே, கொண்டு வாங்க." தெரியாத ஊர், கலங்கல் தண்ணீர். உங்களை அங்கே கூட்டிப் போகலாமா, கூடாதா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்கவே 1981 பங்குனிக் கடைசியில் புறப்பட்டேன்.

முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு ஹட்டனில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்புக்கு இருபத்திரண்டு ரூபாய் சொச்சம். பொல்கஹவெலவில் இறங்கிக் காத்திருந்து யாழ்ப்பாண ரயிலைப் பிடித்தேன். எதிரே ஒரு புகையிலை வியாபாரி இருந்தார். என் மடியிலிருந்த பையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி உது, கச்சான் கொட்டையோ?"

"தேயிலைக் கொட்டைங்க."

கச்சான் என்றால் அங்கே நிலக்கடலை. கேட்காமலே ஒன்றை உடைத்து வாயில் போட்டார். உடனே யன்னலால் துப்பினார். "ஐயோ, என்ன கசப்பு! உதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீர்?"

"தண்ணியத் தெளிய வைக்கப் போறேங்க."

"தெளியுமோ தெரியாது. என்ரை வயிறு இப்பவே கலங்குது" என்றார். பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மாங்குளம். சந்திக் கடையில் ஒரு பணிசு ரொட்டியும் தேத்தண்ணியும் ஒன்றரை ரூபாய். அங்கிருந்து அத்தையின் குடியிருப்பு நாலு கட்டை. நம் கணக்கில் நாலு மைல். செங்கல் ஏற்றிய டிரக்டர் ஒன்றில் இடம் கிடைத்தது. மலை எங்கே என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வானம் தரை வரைக்கும் இறங்கி நிற்கிறது. பனி இல்லை, மேடு இல்லை. வெறும் காலுக்கு மண் சுடுகிறது.

உங்கள் மாமா கிளிநொச்சிக்கு அருவி வெட்ட, நம் பேச்சில் நெல் அறுக்க, போயிருந்தார். அத்தையும் நாலு வயது மல்லிகாவும் மட்டும் இருந்தார்கள். மல்லிகா உங்கள் மூவரின் பெயரையும் பாடமாக வைத்திருந்தாள். தகரக் குவளையில் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். பால் ஊற்றாமலே பால் தேத்தண்ணி போல இருந்தது அது.

மறுநாள் விடிந்ததும், அத்தை எழுந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்து, கொட்டை முழுவதையும் உரலில் இடித்தேன். துரவு என்பது அங்கே சரிவாக வெட்டிய அகலமான நீர்க்குழி. ஏழு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். இடித்த மாவை அதில் கொட்டி ஒரு தடியால் கலக்கினேன். சவர்க்காரம் போட்டதுபோல நுரை எழும்பியது. அழுக்கு பிரிகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பின்னாலேயே வந்த மல்லிகா, "மாமா, நொரை!" என்று கைகொட்டினாள். குவளையால் அள்ளி, நான் திரும்புவதற்குள் குடித்தும் விட்டாள்.

சிறிது நேரத்தில் ஒரு கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்தது. பிறகு பத்து. பிறகு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு துரவு நிறைய மீன்.

தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வளவுப் பாக்கியம் அக்கா குடத்தைக் கீழே போட்டார். வன்னியிலேயே பிறந்தவர், அத்தைக்குத் தேத்தாங்கொட்டை பற்றிச் சொன்னவரும் அவரே.

"என்ன கொட்டினனீர்?"

"நீங்க சொன்ன தேத்தாங்கொட்டைதாங்க. தேயிலைக் கொட்டை."

"கடவுளே! நான் சொன்னது தேத்தா மரம். காட்டிலை நிக்கிறது. தேத்தண்ணி குடிக்கிற ஆக்களுக்கு எல்லாக் கொட்டையும் தேயிலையோ?"

அதற்குள் மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தரம் சத்தி எடுத்தாள். பாக்கியம் அக்கா ஏசுவதை நிறுத்தினார். "என்ரை சைக்கிளை எடும். ஓடும்!" சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அந்த நாலு கட்டையும் அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "மல்லி, மல்லி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மாங்குளம் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் கண்ணையும் வயிற்றையும் பார்த்து, எவ்வளவு குடித்தாள் என்று கேட்டார். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். "பயப்பிடாதேங்கோ. தேயிலைக் கொட்டையிலை சபோனின் எண்டு ஒரு சத்து இருக்கு. அதுதான் நுரைக்கிறது. மீனின்ரை செவுளிலை பட்டால் அதாலை மூச்சு விடேலாது. மனிசருக்கு வயித்தைப் புரட்டும். கொஞ்சமாக் குடிச்சபடியால் தப்பினா. சத்தி எடுத்ததும் நல்லதுதான்."

பத்தரை மணிக்கு மல்லிகா கண்ணைத் திறந்து, "மாமா, பணிசு" என்றாள். பிள்ளைகளே, எனக்கு வந்த அழுகையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் ஏழு குடும்பமும் சேர்ந்து துரவை இறைத்தோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "மலைநாட்டு அண்ணை வலை இல்லாமல் மீன் பிடிச்சவர்" என்று மட்டும் பகிடி விட்டார்கள். இருட்டுவதற்குள் அடியில் புது ஊற்றுச் சுரந்தது; கலங்கலாகத்தான்.

பாக்கியம் அக்கா தன் மடியிலிருந்து சுண்டைக்காய் அளவில் உருண்டையாக ஒரு கொட்டையை எடுத்தார். மண்பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்துவிட்டு, துரவுத் தண்ணீரை ஊற்றி மூடினார். ஒரு மணித்தியாலம் கழித்து மூடியை எடுத்தால் பானையின் அடி தெரிந்தது. சேறு முழுவதும் திரண்டு கீழே படிந்திருந்தது. மல்லிகாவுக்குக் கொடுப்பதற்கு முன் நான் ஒரு குவளை குடித்துப் பார்த்தேன். நம் மலை ஊற்றைப் போலக் குளிரவில்லை. ஆனால் நல்ல தண்ணீர்.

"இதையும் கேளும்" என்றார் அக்கா. "தேத்தாவுக்கு ஒரு சகோதரம் இருக்கு, காஞ்சூரை. எட்டி எண்டும் சொல்லுவினம். பழம் தோடம்பழம் மாதிரி வடிவாயிருக்கும். கொட்டை சட்டைப் பொத்தான் மாதிரித் தட்டை. பரியாரிமார் அதைப் பக்குவப்படுத்தி வாதத்துக்கு மருந்து செய்வினம். பக்குவம் தெரியாமல் திண்டால் உடம்பு வில்லா வளைஞ்சு ஆள் முடிஞ்சுது. துரவடிப் பாதையிலையே ஒண்டு நிக்குது. எங்கடை பிள்ளையள் கிட்டவும் போகாதுகள், அதுகளுக்குத் தெரியும்."

தெரியாத பிள்ளைகள் வந்தால் என்று எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

மூன்றாம் நாள் காலை டிரக்டர் வருவதற்கு அரை மணித்தியாலம் இருந்தது. அத்தை குசினியில் எனக்குப் பிட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் தனியாகத் துரவடிப் பாதைக்குப் போனேன். அந்தக் காஞ்சூரையில் ஆரஞ்சுப் பழம் போல மஞ்சள் மஞ்சளாகப் பழம் தொங்கியது. யாரும் கையை நீட்டத்தான் செய்வார்கள். தொடாதே என்ற அடையாளத்துக்கு என் சிவப்புத் துவாயை நீளமாகக் கிழித்தேன். முதலில் என் நெஞ்சுக்கு நேரே மரத்தைச் சுற்றிக் கட்டினேன். பிறகு அதை அவிழ்த்து, மண்ணில் குந்தியிருந்து, உங்களில் சின்னவள் ராணியின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று கையால் அளந்து, அங்கே இறுக்கி முடிச்சுப் போட்டேன்.