ஒட்டாத காறை எலும்பு

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் காறை எலும்பு என்று ஒன்று இருப்பதை அது முறிந்த பிறகுதான் கவனித்தேன். நீர்வேலியில் வாழைக்குலைகளை லொறியில் ஏற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது நாய் குறுக்கே ஓடியது. விழுந்ததில் இடப்பக்கத்து எலும்பு இரண்டாகிவிட்டது. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கையைத் தூக்கிக் கட்டியிருந்தால் தானாக ஒட்டும் என்றார்கள். ஆறு கிழமை! சும்மா இருப்பது என் சாதகத்திலேயே இல்லை. போதாக்குறைக்கு மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது. என்னைக் கண்டால் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். மனைவி வந்து அவளை அள்ளிக்கொண்டு போவாள். நான் வீட்டு வளவுக்குள் மேலும் கீழும் நடப்பேன்.

மூன்றாம் கிழமை அம்மா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அந்தக் கடைசி மகன் நான். சுடலையில் தண்ணீர்க் குடத்தை இடத்தோளில் வைத்து மூன்று முறை சுற்றிவர வேண்டும். பெரியப்பாவின் மகன் காதுக்குள் சொன்னார்:

"தம்பி, குடத்தை நான் பிடிக்கிறன். நீ சும்மா தொட்டுக்கொண்டு வா, அதுவே காணும்."

"சும்மா இருங்கோ அண்ணை. அவ என்ரை அம்மா."

கைக்கட்டைக் கழற்றி மடியில் செருகினேன். முதல் சுற்றிலேயே தோளுக்குள் ஏதோ நழுவியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் எதற்காக அழுகிறேன் என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திரும்பும் வழியில் கைக்கட்டை மறுபடி போட்டுக்கொண்டேன். பெண்கள் சுடலைக்கு வருவதில்லை, ஆகவே மனைவிக்குத் தெரியாது.

கிளினிக்கில் டொக்டர், "பாரம் ஏதும் தூக்கினீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். மாதாமாதம் அதே கேள்வி, அதே பொய். எக்ஸ்ரேயிலும் அதே இடைவெளி. படுக்கையில் புரண்டால் எலும்பு 'டக்' என்று அசையும். சும்மா படுத்திருக்க முடியாமல் எழுந்து போய், பூட்டிய கதவை மறுபடி பூட்டிப் பார்ப்பேன். இதற்கிடையில் மகள் நடந்தாள், ஓடினாள். ஒருநாள் பின்னாலிருந்து பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் போட்ட சத்தத்தில் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அதன் பிறகு என்னிடம் கை நீட்டுவதை விட்டுவிட்டாள். எலும்பு நொந்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எட்டாம் மாதம் சத்திரசிகிச்சை என்று முடிவானது. டொக்டர் படத்தில் விரலை வைத்து விளங்கப்படுத்தினார்.

"இடையில வளர்ந்த நார்ச் சதையைச் சுரண்டி எடுப்பம். இடுப்பெலும்பில கொஞ்சம் எடுத்து இதுக்குள்ள நிரப்பி, மேல தகடு வைச்சு ஸ்க்ரூவால பூட்டுவம்."

"அதுக்குப் பிறகும் ஒட்டாட்டி?" என்று மனைவி கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. குடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். டொக்டர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அதாலதான் எண்டு சொல்லேலாது. சிலருக்குச் சும்மா இருந்தாலும் ஒட்டாது" என்றார். நன்றாக ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

 பஸ் நிலையத்தில் மனைவி சொன்னாள்: "மாமி உயிரோடை இருந்திருந்தா அந்தக் குடத்தைப் பறிச்சு எறிஞ்சிருப்பா."

உண்மைதான். அம்மா அப்படித்தான் செய்திருப்பார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு தோளைவிட இடுப்புத்தான் நொந்தது. இந்த முறை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு மாதம் இருந்தேன். கடைசி எக்ஸ்ரேயில் இடைவெளியைக் காணவில்லை.

"இனிப் பிள்ளையைத் தூக்கலாமோ?"

"தாராளமா" என்றார் டொக்டர்.

அன்றைய பஸ்ஸைப் போல மெதுவாக ஓடிய பஸ் உலகத்தில் கிடையாது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் விறாந்தையில் குந்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவள் ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டாள். என் தோளைப் பார்த்தாள்.

"வேண்டாம். அப்பாக்கு நோகும்."

"இல்லையம்மா, இப்ப நோகாது" என்றேன்.

அவள் நம்பவில்லை.