ஒரே ஒரு கறுப்புக் கடலை

எழுபதுகளில், துபாயில், சத்வாவில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை காலைகளில் ஒரு விஞ்ஞானச் சங்கம் நடந்தது. மொத்தம் ஏழு பேர், எல்லோரும் சென்னை, கோவைப் பக்கத்துப் படித்தவர்கள். நான் செயலாளர். சட்டதிட்டமும் என் உபயம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானச் சங்கம் ஒன்றின் விதிப்புத்தகத்தை, மாணவனாக இருந்தபோது கல்லூரி நூலகத்தில் வரிவரியாக நகலெடுத்து வைத்திருந்தேன். அதன்படியே வியர்க்க வியர்க்க முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்து, "தலைவர் அவர்களே" என்று ஆரம்பிப்போம். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்து ஒப்புதல் வாங்காமல் காபி வராது. அடுப்படியில் என் மனைவி சிரிப்பது கேட்கும்.

புது உறுப்பினரைச் சேர்க்க ரகசிய வாக்கு. வெள்ளை உருண்டை சம்மதம், கறுப்பு மறுப்பு. ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. உருண்டைக்கு நாங்கள் எங்கே போவது? கொண்டைக்கடலைதான். துணி மூடிய பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டுப் போட வேண்டும்.

நான் இன்ஜினியராக இருந்த கட்டட சைட்டில் கம்பி கட்டும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். கடற்கழி ஓரம் ஒரு மரக்கம்பத்தில் கோடு கிழித்து, தண்ணீர் ஏறி இறங்குவதைப் பிறையோடு சேர்த்து எட்டு மாதம் நாள் தவறாமல் நோட்டில் குறித்திருந்தார். பார்த்து அசந்துபோய் நானே அவரை முன்மொழிந்தேன். கூட்டத்துக்கு அழைத்து வந்து வாசிக்கவும் வைத்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசித்தார். முடிந்ததும் எங்கள் ஏழு பேரில் ஒருவரான டாக்டர் எழுந்துபோய்க் கை கொடுத்தார். எனக்கு அவர் ஒருநாளும் கை கொடுத்ததில்லை.

ராமநாதபுரத்துக்காரர் தன் தொழிலாளர் கேம்ப்புக்குப் போன பிறகு டின் சுற்றி வந்தது. என் முறை வந்தபோது, நாளைக்கு சைட்டில் இவரை "ஜல்தி, ஜல்தி" என்று எப்படி விரட்டுவேன் என்று தோன்றியது. கறுப்பைப் போட்டேன். எப்படியும் இன்னும் இரண்டு மூன்று பேர் போடுவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக என்னுடையதும் போய்விடும் என்று நினைத்தேன். தலைவர் டின்னைக் கவிழ்த்தார். ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு.

"யாருங்க இது? படிச்சவங்க பண்ற காரியமா?" என்றார் டாக்டர்.

நானும் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பிறகு, 'தேர்வாகவில்லை' என்று குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மறுநாள் சைட்டில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரோ ஒருவர் கறுப்பு போட்டுவிட்டார் என்றேன். கையிலிருந்த கட்டுக்கம்பியைக் கீழே வைத்தார்.

"பரவாயில்ல சார். என்னையப் போயி அங்க கூட்டிட்டுப் போனீங்கல்ல, அதுவே பெருசு."

குனிந்து கட்டுக்கம்பியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் சார். அது யாருன்னு தெரிஞ்சாலும் அவருகிட்ட சண்டைக்குப் போயிராதீங்க. என்னால ஒங்களுக்குள்ள மனத்தாங்கல் வேணாம்."

"சரி, உங்களுக்காக விட்டுடறேன்" என்றேன்.