மலரிலை வராத பேர்

எனக்கு இப்பவும் கோவம் அடங்கேல்லை. ஆரிலை எண்டு கேட்டால் முதலாளியிலை எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறன். அது முழு உண்மை இல்லை.

பாரிஸிலை, எங்கடை தமிழ்க் கடையள் நிறைஞ்ச லா சப்பலிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை நான் சமையல். கோப்பை கழுவுறவர் மாலி நாட்டுக்காரர், என்ரை வயசுதான், நகருக்கு வெளியிலை ஸ்தேன் எண்ட இடத்திலை எனக்குப் பக்கத்துக் கட்டடம். எங்கடை தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு விடுதலை எழுத்தைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்லுகினம் எண்டு ஒருநாள் பேச்சுவாக்கிலை அவருக்குச் சொன்னன். அடுத்தநாள் ஒரு சின்னப் புத்தகத்தின்ரை போட்டோக்கொப்பியோடை வந்தார். பிரெஞ்சுக்காரனை வெளியேறச் சொல்லி அவரின்ரை ஊர் வாத்தியார் ஒருத்தர் அந்தக் காலத்திலை எழுதினது.

என்ரை பிரெஞ்சு மெத்ரோ ரயிலுக்கும் விசாவுக்கு வரிசையிலை நிக்கிற பிரெஃபெக்தூருக்கும் காணும். அந்த எழுத்துக்குக் காணாது. மத்தியானச் சனம் போன பிறகு மனிசன் ஈரக்கையைத் துடைச்சுப்போட்டு வரிவரியாய் விளங்கப்படுத்துவார். குளிர்காலம் முழுக்க இதுதான். வந்தவன் நிலத்தை மட்டும் பிடிக்கேல்லை, ஊருக்கும் ஆத்துக்கும் தன்ரை பேரை வைச்சான், வெயிலிலை ரோட்டுப் போட்ட சனத்தின்ரை பேரை ஒரு கல்லிலையும் வெட்டேல்லை எண்டு அதிலை ஒரு இடம் வரும். அந்த இடத்தை அவர் ரெண்டுதரம் வாசிச்சார். இது எங்கடை கதையுமெல்லோ எண்டு எனக்கு நெஞ்சு கொதிச்சுது.

அதைத் தமிழாக்கி நான் எழுதின கட்டுரையின்ரை அடியிலை, மொழிபெயர்ப்பிலை உதவினவர் எண்டு அவரின்ரை முழுப்பேரையும் எழுதிக் குடுத்தன். அவருக்கும் சொன்னன். சம்பளத் துண்டிலை தவிர வேறை எங்கையும் தன்ரை பேர் அச்சிலை வந்ததில்லையாம். மனிசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மலர்க்குழுத் தலைவர் வேறை ஆர், எங்கடை முதலாளிதான். வெளியீடு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பாரிஸிலையே ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு மண்டபத்திலை. மேடைக்கு ஏற முதல் மலரைப் பிரிச்சுப் பாத்தன். அந்தப் பேரைக் காணேல்லை. அந்த இடத்திலை, 'கட்டுரைக்கு ஊக்கமளித்தவர்' எண்டு முதலாளியின்ரை பேர்.

"என்ன அண்ணை இது?" எண்டன்.

"ஒரு காப்பிலியின்ரை பேர் எங்கடை மலரிலை என்னத்துக்கடாப்பா? சனம் சிரிக்கும். பேசாமல் ஏறு, பொன்னாடை கிடக்கு."

அட நாசமாய்ப் போவானே! ஒரு பக்கம் நிறைய விடுதலை, விடுதலை எண்டு வாழ்த்துரை எழுதிப்போட்டு, அதே பேனையாலை ஒரு மனிசன்ரை பேரை வெட்டியிருக்கிறான். வெள்ளைக்காரன் போகவேணும் எண்டு எங்கடை ஆக்கள் கத்தினதெல்லாம் அவன்ரை கதிரையிலை ஏறி இருக்கத்தானோ? அங்கை எங்களை மிதிச்சவனை ஏசிக்கொண்டு இஞ்சை இன்னொருத்தனை மிதிக்கிறம். மைக்கைப் பிடிச்சு இதைச் சொல்லியிருக்கவேணும். நான் என்ன செய்தன்? குனிஞ்சு பொன்னாடையை வாங்கினன். என்ரை விசா புதுப்பிக்க அந்த ஆளின்ரை வேலைக் கடிதம் வேணும் எண்டு எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டன்.

கோட்டெல்லாம் போட்டுக் கடைசி வரிசையிலை இருந்த மாலிக்கார மனிசன், நான் இறங்கினதும் ஓடிவந்து கட்டிப்பிடிச்சார். தமிழ் எழுத்துத் தெரியாதெல்லோ, மலரை விரிச்சு, இதிலை தன்ரை பேர் எதெண்டு காட்டச் சொன்னார்.

காட்டினன். என்ரை விரல் முதலாளியின்ரை பேரிலை போய் நிண்டுது.

மனிசன் அந்த எழுத்துகளை மெல்லமாய்த் தடவிப் பாத்தார். பிறகு போனிலை படம் எடுத்து, எனக்கு முன்னாலையே மாலியிலை இருக்கிற தாய்க்கு அனுப்பினார்.