எட்டடித் தண்ணீர்

சமயபுரம் நால்ரோட்டுக்கு அருகே போட்டிருந்த பொருட்காட்சியில் வீரமலைக்குக் கடலுக்குள் இருப்பதுதான் வேலை. கடல் என்பது எட்டடி உயரக் கண்ணாடித் தொட்டி. அதன் நடுவே குகை மாதிரி ஒரு வழி. ஜனங்கள் அதில் நடந்து போவார்கள். பவளப்பாறைகள் ஃபைபரில் செய்தவை. ஊருக்கு ஊர் பெயிண்ட் மாறும். இந்த ஊரில் ரோஸ் கலர். உப்புத் தண்ணீர் கட்டுப்படியாகாது என்று எல்லாமே நல்ல தண்ணீர் மீன்கள். முதுகில் சிலிண்டரோடு இறங்கி அவன் மீனுக்கு இரை போடுவான், பாசி துடைப்பான், குழந்தைகளுக்குக் கை காட்டுவான். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த மஞ்சள் சேலைப் பெண்கள் கடல்கன்னி பொம்மையைப் பார்த்ததும் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் வெளியே நின்று அதையும் அவன்தான் துடைக்க வேண்டும்.

"அந்தமானுக்குப் போக வேணாம், ஆழ்கடலுக்குப் போக வேணாம்! ஆத்தாளைக் கும்பிட்டுட்டு அப்படியே உள்ள வாங்க!" என்று மேனேஜர் வெள்ளைச்சாமி மைக்கில் கத்திக்கொண்டே இருப்பார்.

அந்த மைதானத்தில் அந்தமானுக்குப் போய்விட்டு வந்தவன் வீரமலை ஒருவன்தான்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், கொத்தனார் கூட்டத்தோடு கப்பலேறி அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போனான். கட்டட வேலை முடிந்ததும் ஸ்கூபா கடை ஒன்றில் சிலிண்டர் சுமக்கச் சேர்ந்தான். நெல் மூட்டையைவிடக் கனம் குறைவு. ஒருநாள் பாறையில் சிக்கிய நங்கூரத்தை மூச்சடக்கி இறங்கி எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்கும் முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் முறை பவளப்பாறைக்கு மேல் மிதந்தபோது கண்ணுக்கு எதிரே அத்தனை இருந்தும் அவன் மனதில் நின்றது ஒரு சத்தம். யாரோ பொரி மெல்லுகிற மாதிரி. கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்கிற சத்தம் என்று மேலே வந்ததும் சொன்னார்கள்.

தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால், நல்லா இருக்கியா என்று கேள்வி. அதையே திருப்பிக் காட்டினால் பதில். பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேட்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் பக்கத்தில் போய்விட வேண்டும். சரியில்லை என்று ஒருவர் கையை ஆட்டிவிட்டால், இருவருமே மேலே ஏறிவிட வேண்டும். எத்தனையோ பேரை அவன் இப்படிக் கூட்டிப்போய் வந்திருக்கிறான். ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

ஸ்ரீரங்கத்து வேணியைக் கல்யாணம் செய்து தீவுக்குக் கூட்டிப்போனான். ஒரு மழைக்காலம் இருந்தாள், கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பிரசவத்துக்குத் திருவானைக்கோவிலில் தம்பி வீட்டுக்குத் திரும்பினாள். எட்டாம் மாதம் ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றுபோனது. அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் தண்ணீருக்கு அடியில் இருந்தான். போன் படகில், பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

கப்பல் கிடைத்து வந்து சேர ஒரு வாரம் ஆகிவிட்டது. வேணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டான். அவள் திரும்பவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. சில நாள் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தீவுக்குத் திரும்பிவிட்டான். முதலில் போன் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. யார் நிறுத்தியது என்று இருவருக்குமே தெரியாது.

அடுத்த வருஷங்களில் அவன் கணக்கில்லாமல் இறங்கினான். சளியோடு இறங்கிய ஒருநாள் வலது காதுக்குள் ஏதோ கிழிந்தது. இனி ஆழத்துக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். எட்டடி என்றால் பரவாயில்லையா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பொருட்காட்சிக்காரர்கள் கூப்பிட்டபோது வந்துவிட்டான். சேலம், வேலூர், கடலூர் என்று சுற்றி இப்போது இங்கே. தொட்டிக்குள் பொரி மெல்லும் சத்தம் கிடையாது. மோட்டார் இரைவது மட்டும் இடது காதில் கேட்கும்.

வந்த வாரமே சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் மைத்துனன் கலையரசனிடம் ஒரு பாஸ் கொடுத்தான்.

"அக்காகிட்ட குடுத்துர்றேன் மாமா. வருதா வரலையான்னு நான் சொல்ல முடியாது."

"வந்தா போதும் மாப்ள. வேற ஒண்ணும் வேணாம்."

"கடல்தான் ஆகாதுன்னு அக்கா வந்துச்சு. நீங்க கடலையே தூக்கிட்டு வந்துட்டீங்க" என்று சிரித்தான் கலையரசன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு டீ சொன்னான்.

அவள் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வீரமலை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முகங்களைப் பார்த்தான். பழக்கத்தில் விரலை வட்டமாகக் காட்டுவான். குழந்தைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டும். ஐஸ்கிரீம் பிசுபிசுத்த விரல்கள். அவற்றில் ஒன்றுகூட அவன் கேட்டதற்குப் பதில் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் வந்தாள். நீலச் சேலை, மார்போடு அணைத்த பை, தனியாக. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எதுவும் கொஞ்சம் பெரிதாக, கிட்டத்தில் தெரியும். கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறாள் போலிருந்தது.

விரலை வட்டமாக்கிக் காட்டினான். அவளைச் சுற்றியிருந்த குழந்தைகள் அத்தனையும் காட்டின. அவள் அசையவில்லை. மறுபடி காட்டினான். பின்னால் வந்த கூட்டம் தள்ள, அவள் நகர்ந்து போனாள்.

மேலே ஏறி சிலிண்டரைக் கழற்றிப் போட்டான்.

"யோவ், எங்கய்யா கிளம்பிட்ட? அடுத்த கூட்டம் உள்ள வந்துருச்சு!" என்றார் வெள்ளைச்சாமி. மைக்கை அணைக்க மறந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

நனைந்த ரப்பர் உடுப்போடு, வெறுங்காலில், பஜ்ஜிக் கடைகளுக்கு நடுவே ஓடினான். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"வேணி."

அவள் கால்களைப் பார்த்தாள். "செருப்பு எங்க?"

"உள்ள இருந்தது நாந்தான்."

"தெரியுது. மூஞ்சியில கண்ணாடிய மாட்டிக்கிட்டா ஆளு தெரியாம போயிருமா?"

"ரெண்டு தடவ கேட்டேன்."

"என்னத்தக் கேட்டீங்க? புள்ளைங்களுக்குக் காட்டுற வெரல எனக்கும் காட்டுனீங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன், அவளுக்குச் சொன்னதேயில்லை.

"நல்லா இருக்கியான்னு கேட்டேன்."

அவள் என்னவோ சொன்னாள். வலது பக்கம் நின்றிருந்தாள். ஒரு லாரியும் கடந்தது. அவன் சுற்றி வந்து இடது காதைக் காட்டி நின்றான்.

"நல்லா இல்லைங்க" என்றாள் மறுபடி. கோபமாக இல்லை. பேர் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

சத்திரம் பஸ் வந்து நின்றது. அவள் முன்பக்கமாக ஏறினாள். அவன் ஒரு நிமிஷம் மைதானத்து விளக்குகளைப் பார்த்தான். பின்பக்கமாக ஏறிக்கொண்டான்.

"என்னங்க, கொள்ளிடத்துல தண்ணி வந்துருச்சா?" என்றார் கம்பியைப் பிடித்திருந்த ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

"சீட்டுல மட்டும் உக்காந்துறாதீங்கண்ணே" என்றார் கண்டக்டர். "எங்க போகணும்?"

அவன் தொடையைத் தடவினான். அந்த உடுப்புக்குப் பாக்கெட் கிடையாது.

முன்னாலிருந்து வேணியின் குரல், திரும்பாமலே வந்தது. "அவருக்குத் திருவானைக்கோவில் ஒண்ணு குடுங்க."

அவள் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவன் உட்காரவில்லை. அவள் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றான். காலடியில் தண்ணீர் தேங்கி, பஸ் திரும்பும்போதெல்லாம் ஓடி, திரும்பி வந்தது. கொள்ளிடம் பாலத்துக்குக் கீழே வெறும் மணல். அவள் ஜன்னலுக்கு வெளியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.