நிழலில் வைத்த பாட்டில்கள்

புயல் கரையைக் கடந்து ஆறு நாள் ஆகியும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. குழாயில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. சாக்கடை கலந்துவிட்டதாகத் தெருவே பேசியது. கேன் தண்ணீர் வண்டி வரவில்லை, பதிவு செய்த சிலிண்டரும் வரவில்லை. இருந்த சிலிண்டர் முந்தைய நாள் சமையலோடு தீர்ந்துவிட்டது. மற்ற வீடுகளுக்கு இதெல்லாம் எரிச்சல், எனக்குப் பயம். என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அது அவருடைய அக்கா கொடுத்தது. உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடக் கூடாதே என்று, எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். நமக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி அவருக்கு எமன். டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து டம்ளரைக்கூட நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். "போலீஸ் மாதிரி பாக்கறியேம்மா" என்று அவர் கிண்டல் செய்வார்.

நான் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உதவியாளர். வருஷாவருஷம் மாணவர்களுக்கு ஒரே சோதனையைத் தயார் செய்து கொடுக்கிறேன். கண்ணாடித் தட்டில் கிருமிகளைப் பரப்பி, பாதியை அட்டையால் மூடி, புற ஊதா விளக்குக்கு அடியில் சில நிமிஷம் வைப்போம். மறுநாள் மூடிய பாதியில் புள்ளி புள்ளியாகக் கிருமி மண்டியிருக்கும். மூடாத பாதி கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கதிர் கிருமியின் மரபணு இழையைச் சிதைத்துவிடும், பிறகு அதனால் பெருக முடியாது. வெயிலிலும் அந்த இனத்துக் கதிர் உண்டு, மெதுவாக வேலை செய்யும்.

இதை நம்பித்தான் அன்று காலை துணிந்தேன். தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பி, மொட்டை மாடியில் தகரத்தின்மேல் படுக்கவைத்தேன். சுள்ளென்று அடிக்கிற வெயிலில் ஆறேழு மணி நேரம் கிடந்தால் போதும். "மூணு மணிக்கு மேல எடுத்துக் குடிங்க. அதுவரைக்கும் நேத்து காய்ச்சினது பிளாஸ்க்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எதற்கு வெயில் என்று மட்டும் சொல்லவில்லை. கல்லூரிப் பக்கம் கரண்ட் வந்திருந்தது. அங்கிருந்தே தண்ணீர் காய்ச்சி எடுத்துவந்திருக்கலாம். படித்த திமிர், தோன்றவில்லை.

சாயங்காலம் மாடி ஏறினேன். தகரம் காலி. பாட்டில்கள் எல்லாம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக நின்றன, மேலே ஈரச் சாக்கு வேறு.

என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். சாயம் தோய்த்த நூலை வெயிலில் காட்டவே மாட்டார்கள், நிழலில்தான் உலர்த்துவார்கள். எதன்மேல் வெயில் விழுந்தாலும் அவர் கை தானாக நீளும். ஒருமுறை நான் காயப்போட்ட வற்றலையே நிழலுக்கு நகர்த்திப் பூசணம் பிடிக்கவைத்த மகாராஜன். தெரிந்தும் கோட்டை விட்டேனே!

"யாருங்க எடுத்து வெச்சது?"

"நான்தாம்மா. பத்து மணிக்கெல்லாம் வெயிலு கொளுத்திக்கினு இருந்துது. குடிக்கிற தண்ணியாச்சேன்னு நெழல்ல வெச்சேன். ஜில்லுனு இருக்குது, நீயும் குடி."

"நீங்க குடிச்சீங்களா?"

"மூணு மணிக்கு மேலதான் குடிச்சேன். நீ சொன்ன மாதிரியே."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிவரை பட்ட வெயிலில் கிருமிகள் அடிபட்டிருக்கும், ஒழிந்திருக்காது. அரைகுறையாக அடிபட்டது தன் இழையைத் தானே சரிசெய்துகொண்டு மறுபடி பெருகும். சாயத்தை வெளுக்கவைக்கிற அதே கதிர்தான் கிருமியையும் முடிக்கிறது. அவருக்கு ஜென்ம விரோதி, எனக்கு அன்று இருந்த ஒரே துணை.

டாக்டருக்குப் போன் செய்தேன். காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். மறுநாள் மீதித் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்த் தட்டில் பரப்பினேன். அதற்கு அடுத்த நாள் திறந்தால், தட்டு முழுக்கப் புள்ளிகள். எண்ணவில்லை, மூடிவிட்டேன்.

"லேப்ல என்னா தெரிஞ்சுது?" என்று வீட்டில் அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை.

நான்காம் நாள் மதியம் அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. காய்ச்சல் நூற்று இரண்டு. சென்னைக்குப் போகிற வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் சாமி வரவில்லை, அந்தப் புள்ளிகள்தான் வந்தன. அக்கா கொடுத்ததை என் அவசரத்தில் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் தப்பியது. கட்டிலில் வைத்துத்தான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்போ நூலுக்கு ஆவாதது தண்ணிக்கு ஆவுதா?" என்று கேட்டுக்கொண்டார்.

வீடு திரும்பியபோது கரண்டும் சிலிண்டரும் வந்திருந்தன. தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். ஒரு வாரம் கழித்து ஒரு காலை அவர் மாடியிலிருந்து கூப்பிட்டார். நான்கு பாட்டில்களைத் தகரத்தில் வெயிலில் படுக்கவைத்து, பக்கத்தில் காவல் நின்றிருந்தார்.

"பாத்தியாம்மா, இனிமே மாத்தி வெக்க மாட்டேன்."

அவருடைய நிழல் இரண்டு பாட்டில்களின்மேல் விழுந்து கிடந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் நாங்கள் குடிக்கப் போவதில்லை. அது தெரிந்தும், "தள்ளி நில்லுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.