பையைத் திறந்து காட்டும் நூலகம்

யாராவது எதையாவது இலவசமாகத் தருகிறேன் என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். மலையகத்தில் றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நவீன நூலகம் வரப்போகிறது என்று அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை நான். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏன் நம்ம பள்ளிக்கூடம், ஏன் இப்போது, பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

நூலகத்தைத் தருகிற கொழும்பு நிறுவனத்துக்காரர்கள் முதலில் வந்தது படம் எடுக்க. நூலகம் முன்பு எப்படி இருந்தது என்று ஒரு படம், வேலை முடிந்த பின்பு எப்படி இருக்கிறது என்று ஒரு படம். எங்கள் நூலகம் பழையதுதான். மழை பிடித்தால் ஒரு மூலை ஒழுகும். ஆனால் புத்தகங்களை நான் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். அந்த ஒழுங்கு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கேமராவோடு வந்த தம்பி ஒரு தட்டுப் புத்தகங்களை இறக்கித் தரையில் பரப்பினார். பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் கால்ல இருக்கிற சப்பாத்தைக் கழட்டுங்க" என்றார்.

"எதுக்குத் தம்பி கழட்டணும்?" என்று கேட்டேன்.

"சும்மாதான் டீச்சர். படத்துக்கு நல்லா இருக்கும்."

"இந்த மழையில அதுக அம்மாமாரு அடுப்புக்கிட்ட வச்சுக் காயவச்சுப் போட்டுவிட்ட சப்பாத்து தம்பி. அதோடயே எடுங்க."

அதிபர் என்னை முறைத்தார். சப்பாத்தோடுதான் படம் எடுத்தார்கள். ஆனால் பிள்ளைகளின் கால் தெரியாத மாதிரி எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த பள்ளித் தவணையில் சாமான்கள் வந்தன. சுவரில் பெரிய திரை, புதிய மேசைகள், பூட்டுப் போட்ட பெட்டி நிறைய டெப்கள். கையடக்கக் கணினி என்று பதாகையில் எழுதியிருந்தாலும் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே டெப் என்றுதான் சொன்னார்கள். பழைய புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போகிறோம், இனி தேவைப்படாது என்றார் நிறுவனத்து அதிகாரி. தேவைப்படாவிட்டால் சும்மா இருந்துவிட்டுப் போகட்டும், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். அவர் டெப் பெட்டியைத் திறக்கப் போய்விட்டார். நான் புத்தகங்களைக் கொடுக்கவில்லை.

போகும்போது அவர் ஒரு நிபந்தனை சொன்னார். தவணைக்கு ஒருமுறை வந்து எண்ணிப் பார்ப்பார்களாம். ஒரு டெப் குறைந்தாலும் மொத்தத்தையும் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அதிபர் சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் கையைக் காட்டி, "டீச்சர் பொறுப்பா பாத்துக்குவாங்க" என்றார். கொழும்புக்காரர் அதிபரை நம்பவில்லை, அதிபர் என்னை மாட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவ்வளவு சந்தேகப்பட்ட நானே ஒரு விஷயத்தில் ஏமாந்துபோனேன், சந்தோஷமாக. பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சைக்குப் படிக்கும் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை. அப்பா இல்லை, அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, அதில் ஒரு டீவி, சுற்றிலும் சின்னதுகள். படிக்க இடமில்லாமல் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் நூலகத்தில்தான் இருப்பாள். எங்கள் புவியியல் ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு வலப்பனைப் பக்கம் போனதிலிருந்து அந்தப் பாடத்துக்கு ஆளே கிடையாது. அவள் டெப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருப்பதைப் பார்த்து, படம் பார்க்கிறாள் போல என்று பூனை மாதிரிப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பாட வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி நிறுத்தி ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் நான் நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அந்த டெப்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அவை போய்விட்டால் இந்தப் பிள்ளைக்குப் புவியியலும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

விடுமுறைக்கு நூலகத்தைப் பூட்டிச் சாவியை அதிபரிடம் கொடுத்தேன். விடுமுறை முடிந்து திறந்து எண்ணினால் ஒரு டெப் குறைந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன். நேரே அதிபரின் அறைக்குப் போனேன்.

"சாவி ஒங்ககிட்டதான சேர் இருந்துச்சு?" என்றேன் அதிபரிடம்.

"என்கிட்ட இருந்தா? பெயின்ட் அடிக்க ஆள் வந்தாங்க, கரண்ட்காரர் வந்தாரு. லீவுல படிக்கணும்னு அந்தப் பிள்ளையும் வந்துச்சு. எல்லாருக்கும் நான்தான் தொறந்து விட்டேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடைசியா போறது அந்தப் பிள்ளதான டீச்சர். ஸ்கூல் விட்டதும் நூலகத்தைப் பூட்டிருங்க. யாரும் இருக்க வேணாம்."

"பூட்டினா அது எங்க போய்ப் படிக்கும் சேர்? பரீட்ச வருதுல்ல?"

"அப்ப வெளிய போறப்ப எல்லார் பேக்கையும் பாருங்க. பாக்க முடியும்னா தொறந்து வைங்க."

அப்படித்தான் நூலக வாசலில் ஒரு மேசை வந்தது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். ஸ்டோர் வாசலில் வேலை விட்டு வரும் பெண்களை வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், சேலைக்குள் தூள் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று. என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். சின்ன வயதில் அம்மாவுக்காக வாசலில் காத்து நிற்கும்போது நான் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கேவலமாக இருந்தது. ஆனால் யாருடைய பையிலாவது அந்த டெப் இருந்துவிடாதா என்ற நினைப்பும் இருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையை இறுக்கிப் பிடித்தால்கூட எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே பார்த்தால் பிய்ந்துபோன சாப்பாட்டுப் பெட்டி, அதை மறைக்கத்தான் பிடித்திருக்கிறான். அந்த உயர்தர வகுப்புப் பிள்ளையோ தினமும் கேட்காமலே பையைத் திறந்து வைப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. பையோடு வந்துகொண்டிருந்தவள் பிறகு பையை வகுப்பிலேயே விட்டுவிட்டு, ஒரு கொப்பியும் பேனாவுமாக வர ஆரம்பித்தாள். அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக்கூடப் போடாமல் வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எண்ணிப் பார்க்கிற நாள் வந்தது. நிறுவனத்துக்காரர்கள் கினிகத்தேனையில் சாப்பிட்டுவிட்டு, பனிக்குள் வழி தடவி மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று நான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையும் மற்ற உயர்தர மாணவர்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். அதிபரோ உற்சாகமாகத் தன் அறைக்குப் போனார். அங்கே ஓர் அலுமாரியில் பெரிய ஆட்கள் வந்தால் மட்டும் எடுக்கிற தேத்தண்ணிக் கோப்பைகள் இருக்கும். அந்தக் கோப்பைகளோடு, பளபளவென்று துடைத்துப் பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு டெப்பும் வந்தது.

"எப்படி வச்சிருக்கோம் பாத்தீங்களா? அப்படியே புதுசு," என்று அதிகாரியிடம் நீட்டினார்.

நான் அவரைக் கதவோரம் இழுத்துப் போய், "சேர், இதுதான சேர் காணோம்னு தேடுறோம்!" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இது காட்டுறதுக்குன்னு லீவுல நான் எடுத்து வச்சதுல்ல டீச்சர்? காணாமப் போனது வேறன்னுல்ல நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. கள்ளத்தனம் தெரிகிறதா என்று நான் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன், இல்லை. வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்த எதையும் நாங்கள் எங்கள் சாமானோடு சேர்த்து எண்ணுவதில்லை, கோப்பை ஆனாலும் டெப் ஆனாலும். எண்ணிக்கை சரியாக வந்தது. அதிகாரி பாராட்டினார். படம் எடுத்தார்கள். காரில் ஏறினார்கள். பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சொல்லிவிடலாம் என்றுதான் மேசையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வாசலில் நின்றேன். கடைசியாக அவள் வந்தாள். மேசை இல்லாததைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொப்பியை விரித்து உதறிக் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கைய எறக்கும்மா. டெப் கெடச்சிருச்சு. சேரோட அலுமாரியிலதான் இருந்துச்சு. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல."

"தெரியும் டீச்சர். பாத்துருங்க."

"வேணாம்மா. இனிமே யாரையும் பாக்கப் போறதில்ல."

அவள் கையை இறக்கவில்லை. "ஸ்டோர்ல பாக்காம விடுற அன்னைக்குத்தான் பயப்படணும்னு அம்மா சொல்லும் டீச்சர். பாத்துட்டா அதோட முடிஞ்சிரும். பாக்காம விட்டா, பொறகு எது காணாமப் போனாலும் நம்மளத்தான் சொல்லுவாங்க."

நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதில்லை. அந்தக் கொழும்புக்காரர்களை நான் பார்த்த அதே பார்வை. நான் அவளுடைய தோளிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்த்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு லயத்துக்கு இறங்கிப் போனாள்.