பாட்டுக்குக் கிடைக்காத மருந்து

ஜப்பான்காரன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த மருந்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நம்ம ஆள்மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது. நெற்றி நிறைய விபூதி பூசி, நல்ல தமிழ் பேசுகிற மனிதர்.

மலாக்கா நகரத்தின் காஜா பேராங் பகுதியில் எங்கள் பக்கத்து வீடு மலாக்காச் செட்டிகளுடையது. எத்தனையோ தலைமுறைக்கு முன் தமிழ்க் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்களின் வம்சம். சாமி நம்ம சாமி, பொங்கல் நம்ம பொங்கல். பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசி கிடைக்காமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று பிள்ளைகள் நோஞ்சானாகிக் கிடந்த காலம். ஒரு மழையில் என் மகனுக்கும் அக்கா மகனுக்கும் ஒன்றாக மலேரியா வந்தது. அக்கா முதலில் ஓர் ஆஸ்பத்திரிக்குத்தான் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெயரைக் கேட்டதும், "நீங்கள் இந்தியர், உங்களுக்குத் தனி இடம் இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தனி இடம் தெங்கேராப் பக்கம், இந்தியருக்கு மட்டும் மருந்து கொடுக்கிற ஒரு கொட்டகை. இரண்டு பேரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

என்னை அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. கொய்னா மாத்திரைப் பொட்டலம் கைக்கு வந்துவிட்டது. அக்காவின் சாரோங்கையும் கெபாயா சட்டையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு?"

"நம்ம ஆளுங்கதான் ஐயா. காஜா பேராங் கோயில்காரங்க," என்றேன்.

"அப்ப தமிழ்ல பேசச் சொல்லு. எத்தன பேரு இப்படி வந்து ஏமாத்துறாங்க தெரியுமா?"

நான் மலாயில் சொன்னதும் அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அவளுக்குத் தெரிந்த தமிழ், சாமி அறையில் பாடுவது மட்டும்தான். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, அதையே பாடினாள். அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பாட்ட யாரு வேணும்னாலும் மனப்பாடம் பண்ணலாம்மா. அடுத்த ஆளு வாங்க."

நான் கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியிலேயே பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். பாதி மருந்தில் என் மகன் பிழைத்துக்கொண்டான். அவள் மகனுக்கு அது போதவில்லை. என் பிள்ளை எழுந்து கஞ்சி கேட்ட அன்றுதான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, அவள் முகத்தில் விழிக்கவும் முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு அக்கா தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடு," என்றாள் மலாயில். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அ, ஆ எழுதிக்காட்டப் பலகையை எடுத்தேன். எழுத்தெல்லாம் அப்புறம் என்று தடுத்து, முதலில் எதைச் சொல்லித் தரவேண்டும் என்று அவளே சொன்னாள்.

அந்தக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியது: "ஐயா, எனக்குக் காய்ச்சல். நான் தமிழ்ப் புள்ளதான்."